கடல் கடந்த நிகாஹ்

நம் திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவிற்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் செல்வோர் பலர். மனைவி மக்களையும் உடன் அழைத்துக்கொள்ள விழைவோர் நிகாஹ் சான்றிதழ் வேண்டி ஜமாஅத் அலுவலகத்தை நாடி வருகின்றனர். மஹர் கொடுத்து, சாட்சிகள் முன்னிலையில் நிறைவேறிய நிகாஹிற்கு இன்னும் என்ன ஆதாரம் வேண்டும் என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. அன்னாருக்காகவே தென்னாப்பிரிக்க வரலாற்றின் ஒரு பகுதியை இங்கு எழுதத் துணிந்தோம்.

போர்ட் எலிசபெத் நகரில் வாழ்ந்த ஹசன் ஈசாப் என்பவர் இந்தியாவில் ஷரீஅத் முறைப்படி மணந்த தம் மனைவி பாய் மர்யமை அங்கு அழைத்துச் சென்றார். அம்மாதுக்கு நாட்டினுள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கை விசாரித்த கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சியர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது என 1913 மார்ச் 14 அன்று தீர்ப்பளித்தார். ஈசாபுக்கு மனைவி ஒருவரே என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை!

இத்தீர்ப்பு முஸ்லிம்களோடு நிற்கவில்லை. காவிரியின் இக்கரையில் நடந்த நிகாஹும், அக்கரையில் திருவரங்கத்தில் அக்கினி சாட்சியாக நடந்த மணமும் அந்நாட்டின் சட்டத்தின் முன் ஒன்றாகவே செல்லாதனவாயின. மனைவியர் மனைவியர் அல்லர் என்றால், பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாகும் அல்லவா? ஆகவேதான் அதுவரை வீட்டினுள் இருந்த பெண்கள் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் இறங்கினர். கஸ்தூரிபா 1913 செப்டம்பரில் சிறை சென்றார். டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசில் சென்ற தமிழ்ப் பெண்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசி, அவர்களை வேலைநிறுத்தத்தில் இறங்கச் செய்தனர். தஞ்சைத் தரணியின் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் கண்ட காய்ச்சலால், விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர் நீத்தார். நம் பிள்ளைகளுக்கு இப்பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோமா?

அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் தலைவரியை நீக்கியது. இந்திய மதங்களின் குருமாரைத் திருமணப் பதிவாளராக நியமிக்கவும் வழி செய்தது. ஆயினும் அது ஏற்றது ஒரு மனைவியை மட்டுமே. 1983இல் கூட அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்யப்படாத நிகாஹைப் பொது ஒழுக்கத்திற்கு முரணானது என்றே கூறியது. ஷரீஅத் திருமணங்களை ஏற்காத சட்டங்கள் அரசியல் சாசனத்திற்கு முரணானவை என அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அறிவித்தது 2022 ஜூன் 28 அன்றுதான். தலாக் பெற்ற பெண்கள் ஜீவனாம்சமும் சொத்தில் பங்கும் கோர வழியின்றி நின்ற அவல நிலையே அவ்வழக்கின் மையமாக இருந்தது.

நம் மாநிலத்தில் எம்மதத்தாரின் திருமணமும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளிவாசல் தஃப்தரில் எழுதினாலே போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு வேண்டும். தஃப்தரில் மணப்பெண்ணின் பெயர் 'பேகம்' என்றும் பாஸ்போர்ட்டில் 'பீவி' என்றும் இருந்தால் விசா வேளையில் அது பெரும் சிக்கலாகிவிடுகிறது. எனவே நிகாஹ் தினத்திற்கு முன்பே மணமக்கள் இருவரின் பாஸ்போர்ட் நகலையோ பள்ளிச் சான்றிதழையோ ஜமாஅத் அலுவலகத்தில் காட்டி, அதிலுள்ளபடியே பெயரை எழுதச் செய்யுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.