லண்டன் கோப்பிக் கடைகளும் பத்திரிகையின் பிறப்பும்

லண்டனுக்குப் பயணமாகும் நண்பர்கள் சிலர், அங்கே நல்ல கோப்பி எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்பதுண்டு. மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த கோப்பித்தூளுடன் வளர்ந்த நாக்கு, போகும் ஊரிலெல்லாம் ஒரு நல்ல கோப்பியைத் தேடுவது இயல்புதானே. ஆனால் நான் சொல்லும் விடை சற்று நீளமானது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் லண்டனில் கோப்பிக் கடை தேடிப் புறப்பட்டால், தன் தொழிலின் பிறந்தகத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுவான்.

தேடலைக் கோர்ன்ஹில் பகுதியிலிருந்து தொடங்கலாம். அங்கே செயின்ற் மைக்கல் சந்தில், 1652இல் பாஸ்குவா ரொசே என்பவர் லண்டனின் முதலாவது கோப்பிக் கடையைத் திறந்தார். ஸ்மேர்னா நகரில் வாணிபம் செய்த டானியல் எட்வேர்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் பணியாளாக வந்தவர் அவர். இன்று அவ்விடத்தில் ஒரு மதுச்சாலை இருக்கிறது. முதற்கடை இங்கேதான் இருந்தது என்று கூறும் நினைவுப் பலகை மட்டும் சுவரில் உண்டு.

அக்காலத்தில் ஒரு பெனி கொடுத்தால் கோப்பிக் கடைக்குள் நுழையலாம். பிரபுவும் வணிகனும் கைவினைஞனும் ஒரே நீள மேசையில் அமர்ந்தனர். இதனால் இக்கடைகளை ‘பெனிப் பல்கலைக்கழகங்கள்’ என்றே அழைத்தனர். அச்சுத் தொழில் அரச உரிமத்துக்குள் கட்டுண்டிருந்த காலம் அது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சிடுவதற்குத் தடை இருந்தது. அச்சில் வரமுடியாத செய்திகள் கையெழுத்து மடல்களாகக் கோப்பிக் கடைக்கு வந்தன, அங்கே உரத்து வாசிக்கப்பட்டன, விவாதிக்கப்பட்டன.

ஆட்சியிலிருப்பவர்களுக்கு இது பிடிக்குமா? 1675 டிசெம்பர் 29ஆம் திகதி, கோப்பிக் கடைகள் யாவற்றையும் மூடும்படி இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் பிரகடனம் செய்தான். அரசைப் பற்றிய பொய்களும் அவதூறுகளும் அங்கேதான் பரப்பப்படுகின்றன என்பது அவன் கூறிய காரணம். தடை 1676 ஜனவரி 10 முதல் அமுலுக்கு வரவேண்டும். ஆனால் எதிர்ப்பு பலமாக எழுந்ததால், ஜனவரி 8ஆம் திகதியே மன்னன் இறங்கிவந்தான். நிபந்தனைகளுடன் கடைகள் தொடர்ந்தும் இயங்கின.

இந்த வரலாற்றை நான் வெறும் சுவைக்காக நினைவுகூரவில்லை. 2000ஆம் ஆண்டில் எமது நாட்டில் யுத்தச் செய்திகள் மீது தணிக்கை இருந்தபோது, வெட்டப்பட்ட பந்திகளின் இடம் வெறுமையாகவே பத்திரிகைகள் வெளிவந்ததைக் கண்டவன் நான். வெறுமையான அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைத் தேநீர்க் கடைகளில் மக்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். அச்சு இயந்திரத்தை நிறுத்தலாம். பேச்சை நிறுத்துவது கடினம். சார்ள்ஸ் மன்னன் கற்றுக்கொண்டதும் இதைத்தான்.

1695இல் அச்சு உரிமச் சட்டம் காலாவதியானது. 1702இல் ‘டெய்லி குரன்ற்’ என்ற முதலாவது ஆங்கில நாளிதழ் பிறந்தது. 1709இல் ரிச்சர்ட் ஸ்டீல் தொடங்கிய ‘ராற்லர்’ இதழ், தன் பகுதிகளுக்குக் கோப்பிக் கடைகளின் பெயர்களையே இட்டது. கவிதை வில்ஸ் கடையிலிருந்து வரும், கல்வி கிரேசியன் கடையிலிருந்து வரும், வெளிநாட்டுச் செய்தி சென் ஜேம்ஸ் கடையிலிருந்து வரும். கொவென்ற் கார்டனில் பட்டன்ஸ் கடையில் ஜோசப் அடிசன் சிங்கத்தலை ஒன்றை வைத்தார். வாசகர்கள் தம் கடிதங்களை அதன் வாய்க்குள் போட்டனர். இன்று நாம் வாசகர் கடிதப் பகுதி என்கிறோமே, அதன் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

வணிகமும் அங்கேதான் வளர்ந்தது. எட்வேர்ட் லொயிட் நடத்திய கோப்பிக் கடையில் கூடிய கப்பல் வணிகர்களால் லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை உருவானது. ஜொனதன்ஸ் கடையில் 1698இல் வெளியான விலைப்பட்டியலிலிருந்து லண்டன் பங்குச் சந்தையின் கதை தொடங்குகிறது.

ஆயினும், எல்லோரும் சமமாக அமர்ந்த இடம் என்று இதனை மிகைப்படுத்தலாகாது. பெண்கள் அந்த மேசைகளில் அமரவில்லை. அடிமைக் கப்பல்களுக்கும் லொயிட்ஸ் காப்புறுதி வழங்கியது. 2020இல்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் சந்தைக்குச் சென்ற கோப்பியில் ஒரு பங்கு எமது மலைநாட்டில் விளைந்தது. அதை விளைவித்தவர்கள், தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த தொழிலாளர்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் அந்தத் தோட்டங்களை அழித்தபின்னரே தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

சரி, இன்று எங்கே குடிப்பது? சோஹோவுக்குச் செல்லுங்கள். ஓல்ட் கொம்ப்டன் வீதியில் 1887 முதல் கோப்பிக் கொட்டை விற்கும் அல்ஜீரியன் கொஃபி ஸ்ரோர்ஸ் இருக்கிறது. அருகே ஃபிரித் வீதியில் 1949இல் தொடங்கிய பார் இத்தாலியா உள்ளது. அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில்தான் 1926 ஜனவரி 26ஆம் திகதி ஜோன் லோகி பெயர்ட் தொலைக்காட்சியை அறிவியலாளர்களுக்கு இயக்கிக் காட்டினார். செய்தி ஊடகத்தின் அடுத்த அத்தியாயமும் ஒரு கோப்பிக் கடையின் மாடியிலேயே எழுதப்பட்டிருக்கிறது!

கோப்பி நல்லதா என்பதை நாக்கு சொல்லிவிடும். கடை நல்லதா என்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. பக்கத்து மேசையில் இருப்பவர், முன்பின் அறியாத உங்களிடம் அன்றைய செய்தியைப் பற்றி ஏதேனும் கேட்கிறாரா? மடிக்கணினிக்குள் முகம் புதைத்தவர்கள் நிறைந்த இக்காலத்தில் அத்தகைய கடை அரிது. கண்டுபிடித்தால் எனக்கும் விலாசத்தை எழுதி அனுப்புங்கள்.