ஏப்ரல் 14: மாலையும் மலர்வளையமும்

தோழர்களே, ஒவ்வோர் ஏப்ரல் 14 அன்றும் அண்ணல் அம்பேத்கர் சிலைக்கு மாலை அணிவிக்கப் போகிறோம். அதே நாளில் தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைக்கிறார்கள். ஏன் என்று நம்மில் பலர் கேட்டதில்லை.

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளோடு பஞ்சுப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. தீ பிடித்தது. வீரர்கள் அணைக்கப் போராடிக்கொண்டிருக்கும்போதே கப்பல் இருமுறை வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். துறைமுகத் தொழிலாளர்களும் சுற்றுவட்டார மக்களுமாக நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அன்று அண்ணலுக்கு 53 வயது நிறைந்தது. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது.

அந்த நினைவில்தான் தேசிய தீயணைப்புப் பணி நாள் வந்தது. ஆனால் தேசியத் தீயணைப்புப் படை என்று ஒன்று நம்மிடம் இல்லை. பிரிட்டன்கூட ஜெர்மன் குண்டுவீச்சுக்கு நடுவில், 1941இல்தான் எல்லா ஊர்ப் படைகளையும் ஒரே படையாக்கியது. 1948இல் திரும்ப உள்ளாட்சிகளிடமே கொடுத்துவிட்டது. இங்கே 1956இல் தேசியக் கல்லூரி தொடங்கப்பட்டு, பிறகு நாக்பூருக்கு மாறியது. பயிற்சி தேசிய அளவில், வண்டியும் ஆளும் மாநிலத்தின் பொறுப்பில் என்பதே ஏற்பாடு.

1992இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்களைப் படித்துப் பாருங்கள். நகராட்சிகளுக்கான 12ஆவது அட்டவணையின் 18 பொறுப்புகளில் தீயணைப்பு இருக்கிறது. ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையின் 29 பொறுப்புகளில் அது இல்லை. கூரை வீடுகள் எங்கே அதிகம்? கிராமத்தில். கிராமத்திலும் சேரியில்.

சேரியில் தீ எப்போதும் விபத்தாக வருவதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. தலித் குடியிருப்பைத் தீவைத்து அழித்தால் ஆயுள் தண்டனை என்று தனியாகச் சட்டம் எழுத 1989 வரை ஆயிற்று. தண்ணீர் வண்டி அணைக்க முடியாத தீ இது.

2004 சுனாமியின்போது தலித் மக்கள் நிவாரண முகாம்களிலும் ஒதுக்கப்பட்டார்கள். அழுகிய உடல்களை அகற்ற மட்டும் நம் தூய்மைப் பணியாளர்கள் அழைக்கப்பட்டார்கள். மறுஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது. படையைத் தெரிந்த அளவுக்கு அந்தப் பிரிவை நமக்குத் தெரியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். மலக்குழியில் தொழிலாளி மயங்கி விழுந்தால் தீயணைப்பு வண்டி வருகிறது. வீரர் சுவாசக் கருவி அணிந்து இறங்குகிறார். இறங்க வேண்டிய முறை அதுதான். ஆனால் அதே குழிக்குள் தொழிலாளி வெறும் உடம்போடு இறக்கப்பட்டிருக்கிறார். அப்படி இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அரசிடம் கருவி இருக்கிறது. பிணத்தை எடுக்க வரும் அந்தக் கருவி, உயிரோடு இருப்பவருக்கு வருவதில்லை.

அடுத்த ஏப்ரல் 14இல் மாலை போட்டுவிட்டு அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் போங்கள். அந்த 66 பேருக்கு மரியாதை செலுத்துங்கள். பிறகு கேளுங்கள்: எங்கள் காலனி இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர்? எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையுமா? தண்ணீர் எங்கே எடுப்பீர்கள்? பதில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய் என்பதை இந்தக் கேள்விகளிலிருந்தும் தொடங்கலாம்.