காஞ்சிக் கடிகையும் ஒரு முடிசூட்டு விழாவும்

கல்லூரிகளில் பட்டமளிப்பு விழா நிகழும் நாளில் ஆசிரியர்கள் அங்கி அணிந்து முறையாக நடந்து வருகின்றனர். ஆட்சித் தலைவர்கள் மேடையில் அமர்கின்றனர். அறிஞர் ஒருவர் பேருரை ஆற்றுகின்றார். கல்விக்கூடம் தன் வாயிலைத் திறந்து நாட்டின் முன் நிற்கும் நாள் அது. பல்லவர் காலத்துக் காஞ்சியில் இருந்த கல்விக்கூடம் ஒன்று கி.பி. 731-ஆம் ஆண்டளவில் நாட்டின் முன் வந்து நின்றபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முடிசூட்டும் பணியில் பங்கு கொண்டது. அக்கல்விக்கூடத்தின் பெயர் கடிகை.

கடிகை என்னும் சொல் தமிழில் நாழிகையையும் குறிக்கும். காஞ்சியிலோ அது வேதம் முதலியவற்றைக் கற்ற அந்தணர் கழகத்தின் பெயர். கல்வெட்டுகளும் செப்பேடுகளும் அதன் பாடசாலைக்குள் நுழைவதில்லை. கழகம் அரசரோடு எதிர்ப்பட்ட வேளைகளையே அவை பதிந்து வைத்துள்ளன.

முதலில் நாம் காண்பது ஒரு பூசல். கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் தாளகுந்தா என்னும் ஊரில், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்தூண் ஒன்று உள்ளது. மயூரசர்மன் என்னும் அந்தண இளைஞன் தன் ஆசான் வீரசர்மனோடு காஞ்சிக்கு வந்து, கல்வியை முற்றக் கற்கும் வேட்கையுடன் கடிகையில் நுழைந்தான் என்று குப்சன் என்னும் புலவன் அத்தூணில் பாடியுள்ளான். அங்கே பல்லவரின் குதிரைவீரன் ஒருவனோடு மயூரசர்மனுக்குச் சச்சரவு மூண்டது. சினங்கொண்ட இளைஞன், தருப்பை பற்றிப் பழகிய கையில் வாளை ஏந்தினான். எல்லைக் காவலரை வென்று காட்டில் நிலைகொண்டான். இறுதியில் பல்லவரே அவனை ஓர் அரசனாக ஏற்க நேர்ந்தது. கதம்பர் மரபு தோன்றிய வரலாறு இது. எழுதுவித்தவர் அவன் வழியினர் ஆதலின், பழி முழுதும் குதிரைவீரன் தலையில் விழுந்ததில் வியப்பில்லை. ஆயினும் படைச் செருக்கும் கல்விச் செருக்கும் ஒரே நகரில் உரசிக்கொண்டன என்பது தெளிவு.

பின்னர் வந்த செய்திகளைச் சுருங்கச் சொல்லலாம். கந்தசிஷ்யன் என்னும் பல்லவன் சத்தியசேனன் என்ற மன்னனிடமிருந்து கடிகையைக் கைப்பற்றினான் என்றும், கைலாசநாதர் கோயிலைக் கற்றளியாக எடுத்த இராசசிம்மன் அதை மீண்டும் நிறுவினான் என்றும் வேலூர்ப்பாளையச் செப்பேடு கூறும். கோட்டையைப் போலக் கல்விக்கூடமும் கைப்பற்றத்தக்க பொருளாயிற்று!

இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் பல்லவர் அரியணை வெறுமையாயிற்று. அப்போது நிகழ்ந்தவற்றை வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றின் சிற்ப வரிசையும் அதன்கீழ்ப் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் விளக்குகின்றன. கடிகையார் பிறரோடு கூடி, சிம்மவிட்டுணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்த இரணியவர்மனிடம் சென்று, நாட்டுக்கு ஓர் அரசனை வேண்டினர். அவன் தன் மைந்தரை வினவினான். மூத்தவர் மூவரும் மறுத்தனர். இளையவனான பல்லவமல்லன் இசைந்தான். பிள்ளையைப் பிரியத் தந்தை தயங்கினான். தரண்டிகொண்ட போசர் என்னும் முதியவர் தேற்றினார். சிறுவன் மலையும் ஆறும் காடும் கடந்து வந்தான். நகரத்தார் உள்ளிட்டோர் எதிர்கொண்டனர். அமைச்சரும் பெருஞ்சாமந்தரும் இருகணத்தாரும் கடிகையாரும் கூடி, நந்திவர்மன் என்னும் பெயர் சூட்டி முடிபுனைந்தனர். சமுத்திரகோஷம் என்னும் இசைக்கருவியும், கட்வாங்கக் கொடியும், விடை இலச்சினையும் அவனுக்கு உரியவாயின.

இச்சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விளக்கிய பெருமை டாக்டர் சி. மீனாட்சி அம்மையாரைச் சாரும். அவர் 1940-இல் இளமையிலேயே மறைந்தார். நூல் மறு ஆண்டில் தொல்பொருள் துறை வெளியீடாக வந்தது. சுவரில் ஏன் இத்துணை விரிவு? நந்திவர்மனின் உரிமையை எல்லாரும் ஏற்கவில்லை. பகைவர் அவனை நந்திபுரத்தில் முற்றுகையிட்டனர். படைத்தலைவன் உதயசந்திரன் முற்றுகையை உடைத்துச் சித்திரமாயன் என்னும் பல்லவனைக் கொன்றான் என உதயேந்திரச் செப்பேடு கூறும். தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்காத முடிக்குச் சான்று வேண்டியிருந்தது. கற்றோர் அவை இசைந்தது என்பதே அச்சுவர் முன்வைக்கும் சான்றுகளுள் ஒன்று.

ஒன்றை மறைத்தல் ஆகாது. அது இருபிறப்பாளர் கடிகை. செப்பேடே அவ்வாறு கூறுகிறது. உழுவோர்க்கும் நெய்வோர்க்கும் அதன் வாயில் திறந்திருக்கவில்லை. நாட்டின் பெயரால் பேசிய அவையில் நாட்டின் பெரும்பகுதி இல்லை. ஆயினும் வாளேந்தியவர் மட்டும் கூடி அரசனைத் தேர்ந்தனர் என்று சொல்வதற்குப் பல்லவர் கூசினர் என்பதும் அந்த வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

அவ்வாறு கருதியவர் பல்லவர் மட்டும் அல்லர். சில ஆண்டுகளுக்குப் பின் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் நந்திவர்மனைத் துரத்திக் காஞ்சியுள் புகுந்தான். நகரை அழிக்காமல், கைலாசநாதர் கோயிற் செல்வத்தைக் கண்டு அதனை இறைவனுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் அக்கோயில் மண்டபத் தூண் ஒன்றில் பொறிக்கச் செய்தான். அறத்துக்குக் கேடு சூழ்வோர் எவ்வுலகு அடைவர் என்று சாபமிட வேண்டிய இடத்தில், இந்நகரத்துக் கடிகைப் பெருமக்களைக் கொன்றோர் புகும் உலகில் புகுவர் என்று பகைநாட்டு வேந்தனின் கல்வெட்டு முடிகிறது.