மேசையிலிருந்து பட்டறைக்கு: தமிழ் இதழாளர் பயிற்சியும் திருத்தம் என்னும் கல்வியும் – புதுச்சேரியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

செய்தித்தாள் தொழில் மாநாடுகளிலும் அவற்றையொட்டிய நிகழ்வுகளிலும் நடத்தப்பெறும் குறுகியகாலப் பயிற்சிப் பட்டறை, இன்று இதழாளர் பயிற்சியின் முதன்மையான வடிவங்களுள் ஒன்றாகியுள்ளது. இவ்வடிவம் நிலைபெறுவதற்கு முன்னர்த் தமிழ் இதழாளர்க்குப் பயிற்சி எங்கே, எவரால், எவ்வாறு அளிக்கப்பட்டது என்பதைப் புதுச்சேரி, சென்னை ஆகிய நகரங்களின் இதழியல் வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய செய்தியறையில் பயிற்சியின் மையமாக விளங்கியது, இளையவர் எழுதியதை மூத்தவர் திருத்தித் தருதல். பல்கலைக்கழகம், நிறுவனம், மாநாடு எனப் பயிற்சி இடம்பெயர்ந்தபோது அதன் பரப்பு விரிந்தது. திருத்தம் என்னும் கூறு மட்டும் மெலிந்தது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: இதழாளர் பயிற்சி, செய்தி மொழிபெயர்ப்பு, புதுச்சேரி இதழ்கள், பயிற்சிப் பட்டறை, தொழில் மாநாடு.

1. முன்னுரை

தமிழ் இதழியல் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இதழ்களின் தோற்றம், ஆசிரியர்களின் கொள்கை, அரசின் அடக்குமுறை ஆகியவற்றையே மையப்படுத்தினர். இதழில் பணியாற்றியவர் தம் தொழிலை எவ்வாறு கற்றார் என்னும் வினா அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. இவ்வினாவுக்கு இன்று நடைமுறைத் தேவையும் உண்டு. தமிழ்த் துறைகள் பலவற்றில் 'இதழியல்' ஒரு பாடமாக உள்ளது. அப்பாடத்தைக் கற்று வெளிவரும் மாணவர் செய்தியறையில் நுழையும்போது அவருக்குக் கிடைக்கும் தொடர்பயிற்சி எத்தன்மையது என்பதை அறிய, அப்பயிற்சியின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

2. முதற் பயிற்சிக்களம்: தந்திச் செய்தி மேசை

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாயிற்று. வார இதழாக இருந்தவரை ஆசிரியர் தலையங்கத்தை ஆற அமர எழுத முடிந்தது. நாளிதழானபின், ஆங்கிலத்தில் வந்த தந்திச் செய்திகளை அன்றே தமிழாக்க வேண்டிய கட்டாயம் உண்டாயிற்று. இந்தப் பணிக்கென ஆட்கள் தேவைப்பட்டனர். அவ்வாறு வந்தவருள் ஒருவரே பாரதியார். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் 1904இல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த அவர், அவ்வாண்டு நவம்பரில் சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்தார். மொழிபெயர்ப்பே அங்கு அவரது முதன்மைப் பணி.

இப்பணியின் பயிற்சித் தன்மையை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காணலாம். ஒன்று, ஆங்கிலத் தொடரின் பொருளைப் பிரித்தறிதல். இரண்டு, அதற்கு நேரான சொல் தமிழில் இல்லாதவிடத்து முடிவெடுத்தல். மூன்று, அம்முடிவை மூத்தவர் ஒருவரின் பார்வைக்கு உட்படுத்துதல். இவற்றுள் மூன்றாவதே பயிற்சியைப் பயிற்சியாக்குவது. தவறு அச்சேறுவதற்கு முன்னர், அத்தவற்றைச் செய்தவர் கண்முன்னரே திருத்தப்பட்டது.

'மெம்பர்' என்னும் சொல்லுக்குத் தமிழ் தேடித் தாம் பட்ட பாட்டைப் பாரதியார் பின்னாளில் வாசகரிடமே வெளிப்படையாகக் கூறியது ஆய்வுலகம் நன்கறிந்த செய்தி. பல சொற்களை எண்ணிப் பார்த்து, எதுவும் பொருந்தாமையால் ஆங்கிலச் சொல்லையே எழுதிவிட்டதாகவும், நல்ல சொல் தோன்றினால் தெரிவிக்குமாறும் அவர் கேட்டுக்கொண்டார். இதனைச் சொல்லாக்க வரலாற்றுக்குரிய சான்றாகவே பெரும்பாலும் காட்டுவர். செய்தி மேசையில் உருவான மனப்பழக்கத்துக்கும் இது சான்றாகும். எழுதியதை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் பிறரது திருத்தத்துக்குத் திறந்துவைக்கும் பழக்கம் அது.

3. புதுச்சேரியில் செய்தியறை

1908இல் 'இந்தியா' வார இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் மு. சீனிவாசன் சென்னையில் கைது செய்யப்பட்டபின், பாரதியார் புதுச்சேரி சென்றார். அவ்வாண்டு அக்டோபர் முதல் 1910 மார்ச் வரை 'இந்தியா' அங்கிருந்து வெளிவந்தது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் நிலவிய சட்டச் சூழல் இதற்கு உதவிற்று. 1881 ஜூலை 29ஆம் நாளிட்ட பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம், முன்னனுமதியோ காப்புத்தொகையோ இன்றி இதழ் நடத்த இடமளித்தது. இதழுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதை வலியுறுத்திற்று. இதற்கு மாறாக, பிரித்தானிய இந்தியாவில் 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் காப்புத்தொகை கோரும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது.

சென்னை மேசையில் கற்ற தொழில் இவ்வாறு புதுச்சேரிக்கு வந்தது. 'இந்தியா'வுடன் 'விஜயா' நாளிதழும் 'கர்மயோகி', 'சூரியோதயம்' முதலிய இதழ்களும் குறுகிய காலத்துள் இந்நகரில் தோன்றின. பயிற்சி நிறுவனம் ஒன்றும் இல்லாத ஊரில் இத்தனை இதழ்கள் வெளிவர முடிந்ததற்கு, செய்தியறையே பள்ளியாகவும் இருந்தமை ஒரு காரணம் எனலாம். பாரதியாரோடு பழகி எழுத்தில் வளர்ந்த கனக சுப்புரத்தினம் என்னும் பாரதிதாசன், 1930இல் தோன்றிய 'புதுவை முரசு' இதழோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். வ. சுப்பையா 1934இல் 'சுதந்திரம்' இதழைத் தொடங்கினார். கொள்கையால் வேறுபட்ட இவ்விதழ்கள், தொழிலைச் செய்தே கற்றல் என்னும் முறையால் ஒன்றுபட்டன.

இம்முறை தமிழகமெங்கும் இருந்தது. 'நவசக்தி'யில் திரு.வி.க.வின்கீழ்த் துணையாசிரியராக இருந்தவர் கல்கி. டி.எஸ். சொக்கலிங்கத்தின் 'காந்தி' இதழில் பணியாற்றிய ஏ.என். சிவராமன், 1934இல் தொடங்கிய தினமணியிலும் அவருடன் இணைந்து, பின்னர் அதன் ஆசிரியராகி நெடுங்காலம் பணிபுரிந்தார். இதழியல் வரலாற்றில் இவற்றை ஆசிரியர்–மாணவர் மரபு என்றே கொள்ளலாம்.

இம்மரபுக்குக் குறைகளும் இருந்தன. ஆசிரியரின் அறிமுகம் பெற்றவருக்கே மேசையில் இடம் கிடைத்தது. பெண்களுக்கும், கல்வியும் அறிமுகமும் எட்டாத சமூகத்தாருக்கும் அவ்விடம் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தது. குறைந்த ஊதியமும் 'பழகுநர்' என்னும் பெயரால் நியாயப்படுத்தப்பட்டது. எனவே பயிற்சி செய்தியறைக்கு வெளியே வரவேண்டியது சமூகத் தேவையாகவும் இருந்தது.

4. கையேடு, பல்கலைக்கழகம், நிறுவனம்

பயிற்சியை வாய்மொழியிலிருந்து எழுத்துக்குக் கொண்டுவந்த முயற்சிகளுள் குறிக்கத்தக்கது தினத்தந்தியின் 'இதழாளர் கையேடு'. 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எளிய சொல், சிறு தொடர் ஆகியவற்றைத் தம் செய்தியறையின் விதிகளாக்கினார். ஆசிரியர் நேரில் இல்லாதபோதும் திருத்தம் நிகழக் கையேடு வழிசெய்தது.

கல்வி நிறுவனங்களில், அன்னி பெசன்டின் முயற்சியால் 1920ஆம் ஆண்டளவில் அடையாறு தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்த இதழியல் வகுப்பு இந்தியாவின் முதல் முயற்சியாகக் கூறப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் இதழியல் கல்வியைத் தொடங்கிற்று. 1954இல் முதற் பத்திரிகை ஆணையத்தின் அறிக்கை வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாளில் புதுச்சேரியின் நிர்வாகமும் இந்திய ஒன்றியத்திடம் வந்தது. அடுத்த ஆண்டின் பணிபுரி பத்திரிகையாளர் சட்டம், செய்தியாளர், துணையாசிரியர் ஆகியோருடன் மெய்ப்புத் திருத்துநரையும் பத்திரிகையாளர் என்னும் வரையறைக்குள் சேர்த்தது. திருத்துதலும் இதழியலே எனச் சட்டம் ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று.

பட்டறை என்னும் வடிவம் வலுப்பெற்றது இதன் பின்னரே. 1950இல் தோன்றிய பன்னாட்டுப் பத்திரிகை நிறுவனம் ஆசிய இதழாளர்களுக்குப் பயிற்சித் திட்டங்களை நடத்தியது. இந்தியாவிலும் அத்திட்டத்தில் பணியாற்றிய பிரித்தானிய இதழாசிரியர் ஹரால்டு எவன்ஸின் செய்தியறைக் கையேடு 1961இல் வெளிவந்தது. 1963இல் இந்தியப் பத்திரிகை நிறுவனம் சஞ்சல் சர்க்காரை முதல் இயக்குநராகக் கொண்டு அமைந்தது. பணியில் உள்ளோரைச் சில நாள்கள் ஓரிடத்தில் கூட்டிப் பயிற்றுவிக்கும் முறை இவ்வாறு பழக்கமாயிற்று.

5. தொழில் மாநாட்டின் பட்டறை

இன்றைய மாநாட்டுப் பட்டறைகளின் உள்ளடக்கத்தை விளங்கிக்கொள்ள, அவற்றை நடத்தும் அமைப்புகளின் பிறப்பை நோக்குதல் தகும். வான்-இஃப்ரா என்னும் உலகச் செய்தித்தாள் அமைப்பு 2009இல் இரு அமைப்புகளின் இணைப்பால் உருவானது. அவற்றுள் ஒன்று 1948இல் தோன்றிய வெளியீட்டாளர் கூட்டமைப்பு. மற்றொன்று செய்தித்தாளின் வண்ண அச்சுக்கென 1961இல் தோன்றிய தொழில்நுட்ப அமைப்பு. ஆகவே அச்சுத் தரம், விளம்பரம், வருவாய், அண்மைக்காலத்தில் எண்ணிமத் தளம் ஆகியவை அதன் நிகழ்வுகளில் முன்னிற்பது இயல்பே. அவ்வமைப்பின் உலக மாநாடு 2009 டிசம்பரில் ஐதராபாத்தில் நடைபெற்றது. அதன் இந்திய மாநாடுகள் சென்னையிலும் நடைபெற்றுள்ளன.

மற்றொரு போக்கு, தொழில்நுட்ப நிறுவனங்கள் பயிற்சியை மேற்கொண்டது. கூகுள் நிறுவனம் 2018இல் அறிவித்த இந்தியப் பயிற்சித் திட்டம், ஓராண்டில் 8,000 இதழாளர்களுக்குச் செய்தி சரிபார்ப்பைக் கற்பிப்பதை இலக்காகக் கொண்டது. ஆங்கிலத்துடன் தமிழ் உள்ளிட்ட ஆறு இந்திய மொழிகளில் அது திட்டமிடப்பட்டது. 200 பயிற்றுநரை முதலில் உருவாக்கி, அவர்கள் வழியே இரண்டு நாள், ஒரு நாள், அரை நாள் பட்டறைகளை நடத்துவது அதன் முறை.

இப்பட்டறைகளின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. பொய்ப்படத்தின் மூலத்தைக் கண்டறிதல் போன்ற திறன்களைப் பழைய மேசை கற்பித்திருக்க இயலாது. ஆசிரியரின் அறிமுகம் இல்லாதவரும் பங்கேற்கலாம் என்பதும் ஒரு முன்னேற்றமே. ஆனால் அரை நாளில் கருவியைக் கற்பிக்கலாம். ஒருவர் நாள்தோறும் எழுதும் செய்தியைப் படித்துத் திருத்தித் தர இயலாது. பங்கேற்றவர் ஊர் திரும்பியபின் எழுதும் முதற் செய்தியைப் பயிற்றுநர் காண்பதும் அரிது.

6. மேசை மறையவில்லை

மொழிபெயர்ப்புத் தேவை குறைந்துவிட்டதா எனின், இல்லை. புதுச்சேரியின் கதிர்காமத்திலுள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அந்நோய்க்குரிய மருத்துவமனையாகச் செயற்பட்டது. அக்காலத்தில் நாள்தோறும் எண்ணிக்கைகள் வெளியாயின. பரிசோதிக்கப்பட்டோருள் தொற்று உறுதியானோர் வீதமும், தொற்றுற்றோருள் இறந்தோர் வீதமும் வேறுவேறு. இரண்டையும் 'பாதிப்பு விகிதம்' என ஒரே தொடரால் எழுதினால், வாசகரின் அச்சம் தேவையின்றிப் பெருகும், அல்லது தேவையான எச்சரிக்கை குன்றும். இங்குத் தேவைப்படுவது, கருவியறிவோடு, அத்தொடரை அன்று மாலையே நிறுத்தி வினவும் ஒருவர். 1904இன் தந்தி மேசையில் நிகழ்ந்ததும் இதுவே.

கணினிவழி அச்சுக்கோப்பு வந்தபின் மெய்ப்புத் திருத்துநர் என்னும் பணியிடம் செய்தியறைகளில் அருகியது. செய்தியாளரின் விசைப்பலகைக்கும் வாசகரின் திரைக்கும் இடையே இருந்த கண்கள் குறைந்தன. பட்டறைகள் பெருகிய காலமும் திருத்துநர் அருகிய காலமும் பெரிதும் ஒன்றே என்பது சிந்தனைக்குரியது.

7. முடிவுரை

தமிழ் இதழாளர் பயிற்சி, மேசை, கையேடு, வகுப்பறை, நிறுவனம், மாநாட்டுப் பட்டறை என வளர்ந்துள்ளது. ஒவ்வொரு நிலையிலும் பயிற்சியை நடத்தியவரின் தேவையே பாடத்தை முடிவுசெய்தது. ஆசிரியர் நடத்தியபோது மொழியும், தொழில் அமைப்பு நடத்தியபோது அச்சும் வருவாயும், தொழில்நுட்ப நிறுவனம் நடத்தியபோது கருவியும் முதன்மை பெற்றன. மொழித்திருத்தத்தைத் தன் பொறுப்பாகக் கொள்ளும் அமைப்பு இன்று தனியே இல்லை.

இவ்விடத்தைத் தமிழ்த் துறைகள் நிரப்ப முடியும். இதழியல் பாடத்தில் இதழ்களின் வரலாற்றோடு, ஆங்கிலச் செய்தியறிக்கையைத் தமிழாக்கி, அதனை மாணவர் முன்னிலையில் திருத்தி, திருத்தத்துக்குரிய காரணத்தையும் பதிவுசெய்யும் செய்முறைப் பகுதி ஒன்றைச் சேர்க்கலாம். அப்பதிவுகளைத் தொகுத்தால் செய்தித்தமிழுக்குப் புதிய கையேடு ஒன்றும் உருவாகும். மாநாட்டுப் பட்டறை கற்பிக்கும் சரிபார்ப்புத் திறன், இத்தகைய அடித்தளத்தின்மேல் அமையும்போதே தமிழ்ச் செய்தியில் முழுப்பயன் தரும்.