அபினும் ஆண்மையும்: ஹகீம்களும் ஃபகீஹ்களும் கண்டவை

அபின், கசகசா என்னும் இரு சொற்களும் நமக்கு அரபி, பார்ஸி வழியே வந்தவை. 'அஃப்யூன்', 'கஷ்காஷ்' என்பன அவற்றின் மூல வடிவங்கள். அஃப்யூனுக்கும் மூலம் கிரேக்கம். ஒரே செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் அபின். முற்றிய விதை கசகசா. எம். புதுப்பட்டியிலும் சிவகாசியிலும் குருமாவுக்கு அரைக்கும் இவ்விதை அமீரகத்திலும் ஸவூதியிலும் தடைசெய்யப்பட்ட பொருள் என்பதைப் பயணம் போவோர் அறிந்திருத்தல் நலம்.

அபின் ஆண்மையைப் பெருக்கும் என்ற நம்பிக்கை மிகப் பழையது, பிழையானது. அஹ்மத்நகர் சுல்தான் புர்ஹான் நிஜாம் ஷாவுக்கு வைத்தியம் பார்த்த போர்த்துக்கீசியர் கார்சியா டா ஓர்ட்டா, 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில் இதைப் பேசுகிறார். அபின் ஆண்மையை அழிக்கும் என்பதே கற்றறிந்த ஹகீம்களின் முடிவு என்கிறார் அவர். அது விந்து வெளிப்படுதலைத் தாமதிக்கிறது. தாமதத்தை வலிமையென்று மக்கள் மயங்கினர். இன்றும் விலாசமற்ற லேகியங்கள் விற்பது இந்த மயக்கத்தால்தான்.

இப்னு ஸீனா (980–1037) அபினைக் குளிர்ச்சியிலும் வறட்சியிலும் நான்காம் படியில் வைத்தார். அதாவது உடலின் இயற்கைச் சூட்டை அவிக்கும் பொருள். நவீன மருத்துவம் வேறு மொழியில் இதற்கு நெருங்கி வருகிறது. ஒப்பியாய்டுகள் மூளையின் ஹைப்போதலாமஸ் அனுப்பும் கட்டளையை ஒடுக்குகின்றன, பிட்யூட்டரியின் எல்.எச். குறைகிறது, விரைகளில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு வீழ்கிறது. ஹெராயின், மெத்தடோன் உட்கொண்டோரிடம் இப்பாதிப்பை அமெரிக்க ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்டனர்.

விந்தணுவின் மேலுறை எளிதில் ஆக்ஸிஜனேற்றச் சிதைவுக்கு உள்ளாவது. ஆகவே தாவர எதிர் ஆக்ஸிஜனேற்றிகள்மீது ஆய்வாளர் கவனம் திரும்பியது. கருஞ்சீரகத்தின் தைமோகுயினோனை ஈரானிய ஆய்வகங்கள் மார்ஃபின் செலுத்திய எலிகளிடம் சோதித்துள்ளன. குழந்தைப்பேறற்ற ஆண்களுக்குக் கருஞ்சீரக எண்ணெய் இரு மாதம் கொடுத்த 2014ஆம் ஆண்டின் ஈரானிய ஆய்வில் விந்தணு எண்ணிக்கையும் அசைவும் கூடின. ஆனால் அவர்கள் அபின் அடிமைகள் அல்லர். மேடைகளில் சிலர் இவ்விரண்டையும் குழப்பிப் பேசுகின்றனர். மூளையில் தொடங்கும் தடையை எண்ணெய் நீக்கிவிடும் என்பதற்குச் சான்றில்லை. போதையை நிறுத்தினால் ஹார்மோன் பெரும்பாலும் மீள்கிறது.

நிறுத்துவது எவ்வாறு? இங்கே நம் ஃபிக்ஹு வியக்கத்தக்க தெளிவுடன் பேசுகிறது. உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் அபூதாவூத் ஹதீஸ், 'முஸ்கி'ரோடு 'முஃபத்தி'ரையும், அதாவது உடலைத் தளர்த்தும் பொருளையும், தடுக்கிறது. சந்ததியைக் காத்தல் ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களுள் ஒன்று என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்தது. எனினும் மக்காவில் வாழ்ந்த ஷாஃபிஈ மேதை இப்னு ஹஜர் அல்ஹைதமியிடம் (மறைவு ஹிஜ்ரி 974), அபினை விட்டால் இறந்துபோவான் என்ற நிலையிலுள்ளவன் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவர் அவனைச் சபிக்கவில்லை. உயிர் காக்க அவன் உண்பது கூடும், கடமையும்கூட. ஆனால் உடல் உணராதபடி சிறிது சிறிதாகக் குறைத்துவருவதும் அவன்மீது கடமை என்று தீர்ப்பளித்தார். திமிஷ்கின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) இதைத் தம் நூலில் எடுத்தாண்டுள்ளார்.

டேபென்டடால் முதலிய வலிநிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக விழுங்கும் தமிழக இளைஞரின் பெற்றோர், அவமானத்துக்கு அஞ்சி அவர்களை அறையில் பூட்டிவைப்பதைவிட, இந்தத் தீர்ப்பைப் படிப்பது பயன்தரும். இந்திய அரசின் சிகிச்சை மையங்கள் கண்காணிப்பில் கொடுக்கும் ப்யூப்ரெனார்ஃபினும் ஒப்பியாய்டுதான். ஆயினும் அது மெத்தடோனைவிட டெஸ்டோஸ்டிரோனைக் குறைவாகவே ஒடுக்குகிறது.