மேற்கு வங்க இடதுசாரி வாக்காளர் எங்கே போனார்? (2006–2021)

2014 மக்களவைத் தேர்தலில் மேற்கு வங்க இடது முன்னணி ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குகள் பெற்றது. 2019இல் அது 8 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பாரதிய ஜனதாவின் வாக்கோ 17இலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது. வங்க வாக்காளர் கொள்கை மாறிவிட்டார் என இதைப் படிப்பது எளிது. ஆனால் ஒருவர் அளிக்கும் வாக்கு அவரது கொள்கையை மட்டுமன்றி, அவர்முன் இருந்த தெரிவுகளையும் காட்டுகிறது.

1977இல் தொடங்கிய இடது முன்னணி ஆட்சியில், வாரத்துக்குப் பயிரிடுவோரின் உரிமையைப் பதிவுசெய்த பர்கா நடவடிக்கையும் 1978 ஊராட்சித் தேர்தலும் கிராமப்புற ஏழைகளை முன்னணியோடு பிணைத்தன. 2006இல் ஏறத்தாழப் பாதி வாக்குகளே அதற்கு 294இல் 235 இடங்களைத் தந்தன. அத்தேர்தல் முறையில் இடப்பக்கத்தில் இன்னொரு வலுவான கட்சி வளர இடமிருக்கவில்லை. அதன் விலை சிங்கூரில் தெரிந்தது. 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நிலத்தை இழக்க விரும்பாத உழவர், தாம் அதுவரை ஆதரித்த கட்சியைத் தண்டிக்கத் திரிணமூலையே நாட வேண்டியிருந்தது.

2011இல் ஆட்சி போனபின் தெரிவுகள் மேலும் சுருங்கின. 1972–77 காங்கிரஸ் ஆட்சியின் அடக்குமுறையை மறவாத குடும்பங்கள், 2016இல் பல தொகுதிகளில் ‘கை’ சின்னத்துக்கு வாக்களிக்கக் கேட்கப்பட்டன. அதே ஆண்டு கேரளத்தில் இவ்விரு தரப்பும் எதிரெதிரே நின்றன. 2018 ஊராட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் போட்டியே நடக்கவில்லை. வேட்புமனு அளிக்கவே விடவில்லை என எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. தம் ஊழியரையே காக்க இயலாத கட்சியை நம்பி ஊரில் எவர் வெளிப்படையாக நிற்பார்? 2019இல் ‘ஆகே ராம், பரே பாம்’ என்ற முழக்கம் உலவியது. முதலில் ராமர், பிறகு இடது என்பது அதன் பொருள். அதில் ஒலிப்பது மதமாற்றமன்று. திரிணமூலை வீழ்த்தும் வலுவுள்ள கட்சியைத் தேடும் கணக்கு.

அந்தப் ‘பிறகு’ வரவில்லை. 2021இல் பாரதிய ஜனதாவை அஞ்சியோர் திரிணமூலிடமும், திரிணமூலை வெறுத்தோர் பாரதிய ஜனதாவிடமும் திரண்டனர். விடுதலைக்குப் பின் முதன்முறையாக, வங்கச் சட்டமன்றத்தில் இடதுசாரி உறுப்பினர் ஒருவர்கூட இருக்கவில்லை.

நில உரிமையும் கூலியும் வேலையும் அந்த வாக்காளரின் வாழ்வில் இன்றும் கேள்விகளாகவே உள்ளன. அவற்றை முன்வைத்து வெல்லக்கூடிய ஒரு சின்னம்தான் வாக்குச்சீட்டில் இல்லாமற்போனது. வாக்கு விழுக்காட்டை மட்டும் எண்ணும் ஆய்வு இந்த இழப்பைப் பதிவுசெய்யாது.