காங்கேசன்துறையில் கப்பல் ஏறும் முன்

2025 மார்ச் மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போய்வந்தேன். அம்மாவுக்கு 75 வயது. 1974 இல் இந்தியாவுக்குப் போன தன் அக்காவைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. திரும்பி வந்த நாளிலிருந்து வத்தேகம டவுனில் என்னை நிறுத்தி, "எப்படிப் போனீங்க, என்னென்ன வேணும்" என்று கேட்காத ஆள் இல்லை. கிளிநொச்சியிலிருந்தும் தொலைபேசியில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நாங்கள் விட்ட பிழைகளும் இதில் இருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கப்பல் என்றால் அது இராமானுஜம் கப்பல்தான். 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. கண்டியில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். அந்தக் கோச்சிக்கு எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். பெரியம்மாவை வழியனுப்பிய அம்மா, அதன் பிறகு கப்பலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. போர் தொடங்கியதும் தலைமன்னார்ச் சேவையும் நின்றுபோனது. 2011 இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல் சில மாதங்களோடு முடிந்தது. 2023 ஒக்டோபர் 14 இல்தான் 'செரியபாணி' நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. மழைக்காலம் வரவே சில நாட்களில் அதுவும் நின்றது. 2024 ஓகஸ்ட் 16 இலிருந்து 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். கடலில் நான்கு மணித்தியாலம் பிடிக்கும்.

அந்த நான்கு மணித்தியாலம் பெரிய விடயமே இல்லை. கஷ்டம் எல்லாம் ஏறுவதற்கு முன்னால்தான்.

காலத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நாங்கள் அடிபட்டது அதில்தான். பெரியம்மாவின் பேத்திக்கு 2024 நவம்பரில் கல்யாணம். அதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கணக்குப் போட்டோம். நவம்பரில் கடல் குழம்பி, சேவை நின்றது. கல்யாணத்தை அம்மா தொலைபேசியில் பார்த்தார். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல்; காற்று கொஞ்சம் எழும்பினாலும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். யாழ்ப்பாணத்து மீனவர்களுக்கு இது பழகிய கதை: ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும், வருட நடுவில் சோளகக்காற்று. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும். அந்த முறை கப்பல் மறுபடி ஓடியது 2025 பெப்ரவரி 22 இல்தான். ஆகவே கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரித் திகதி போன்ற நாள் மாற்ற முடியாத காரியத்துக்குக் கப்பலை நம்பிப் போகாதீர்கள். பலாலியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விமானத்தில் போங்கள். கப்பலில்தான் போவதென்றால் முன்னும் பின்னும் மூன்று நாலு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசா முடியும் கடைசி நாளில் திரும்ப டிக்கெட் போட வேண்டாம். கடல் விடாவிட்டால் நீங்கள் அங்கே விசா இல்லாத ஆளாகிவிடுவீர்கள்.

அடுத்தது பத்திரங்கள். எங்களோடு வரவேண்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. 1977 கலவரத்துக்குப் பிறகு வத்தேகமவை விட்டு வன்னிக்குப் போனவர். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து உடுத்த உடுப்போடு வெளியே வந்தார். அடையாள அட்டையை மறுபடி எடுத்துவிட்டார், கடவுச்சீட்டு எடுக்கப் போனபோதுதான் சிக்கல். பிறப்புப் பதிவில் இருந்தது ஒரு பெயர், ஊர் கூப்பிட்டதும் அடையாள அட்டையில் ஏறியதும் வேறு பெயர். தோட்டத்தில் பிறந்த பலருக்கும் இந்தக் கதை இருக்கும். சில இடங்களில் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசியோடு காரியம் நடக்கும், சில இடங்களில் பதிவையே திருத்தச் சொல்வார்கள். திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும். மாமாவுக்கு இழுத்தது. அவர் கப்பல் ஏறவில்லை.

ஆகவே டிக்கெட்டுக்கு முதல், விசாவுக்கும் முதல், பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வையுங்கள். இல்லாவிட்டால் பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. பெயரின் ஆங்கில எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கடவுச்சீட்டு எடுக்க நமக்குக் கண்டியிலும் வடக்கில் இருப்பவர்களுக்கு வவுனியாவிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. பத்தரமுல்லைக்கு ஓடத் தேவையில்லை. கடவுச்சீட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் உயிர் இருக்க வேண்டும்.

இந்திய விசாவுக்குக் கண்டியிலேயே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. விண்ணப்பத்தில் இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். உறவுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முன்பு அகதியாக இந்தியாவில் இருந்தவர்கள் அதை மறைத்து எழுத வேண்டாம். மறைத்தது பிறகு தெரிந்தால் அதுதான் வினை. இணையத்தில் மின்விசா எடுப்பவர்கள், நீங்கள் இறங்கும் துறைமுகம் அந்த விசாவுக்கு அனுமதித்த இடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விமான நிலையத்தில் செல்லுபடியாகும் மின்விசா எல்லாத் துறைமுகத்திலும் செல்லும் என்றில்லை.

தமிழகத்து முகாம்களில் இருந்து திரும்பி வர நினைப்பவர்களும் என்னிடம் கேட்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவர்கள் வெறுமனே டிக்கெட் வாங்கி ஏற முடியாது. பயண ஆவணம், அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு, இந்தியாவில் இருந்து வெளியேறும் அனுமதி எல்லாம் வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்திலும், ஐ.நா. அகதிகள் அலுவலகத்திலும், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்திலும் விசாரித்த பிறகே வீட்டுச் சாமானைக் கட்டுங்கள். படகில் கடவுச்சீட்டு இல்லாமல் போனதே இங்கே சட்டப்படி குற்றமாகப் பார்க்கப்படலாம். வயதானவர் தனியாக வந்து இறங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் நாகையிலிருந்து இங்கே வருவதென்றால் இலங்கை விசாவை முதலே எடுத்து, அச்சிட்ட தாளைக் கையில் வைத்திருங்கள். திரும்பவும் இந்தியாவுக்குப் போவதென்றால் இந்திய விசா பல தடவை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும்.

சொகுசுக் கப்பலுக்கும் இதே கணக்குத்தான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற பெரிய உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிப்போனது. அப்படிப்பட்ட கப்பலில் வருபவர் சில மணித்தியாலம்தான் கரையில் நிற்பார். நல்லூரைப் பார்த்து, ஊர்க்காணியையும் பார்க்க ஆசைப்பட்டால் நேரம் பிடிபடாது. கப்பல் உங்களுக்காக நிற்காது. கடவுச்சீட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் பிரதி ஒன்றாவது சட்டைப்பையில் இருக்கட்டும்.

பொதிகள். இலவசமாக எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதும் கட்டணமும் சேவை தொடங்கிய நாளிலிருந்து சில தடவை மாறிவிட்டன. போன வருடம் போன ஆளின் சொல்லைக் கேட்காமல், உங்கள் டிக்கெட்டில் இருப்பதைப் பாருங்கள். வீட்டிலேயே தராசில் நிறுங்கள். நாங்கள் தேயிலைத் தூளும் கறுவாவும் கித்துள் கருப்பட்டியும் கட்டினோம். மாமா ஒடியலும் பனங்கட்டியும் கொடுத்தார். காய்ந்ததும் கடைப் பொதியில் ஒட்டியதும் என்றால் சுங்கத்தில் பேச்சு குறையும். கன்றும் விதையும் கொண்டுபோக வேண்டாம், என் அம்மா கறிவேப்பிலைக் கன்று கொண்டுபோகப் பார்த்தார். நகை, அன்றாடம் போடுவது மட்டும். "இந்தப் பார்சலை நாகையில ஒரு ஆள் வந்து வாங்கிக்குவார்" என்று யாராவது கெஞ்சினால், அவர் சொந்த மச்சானாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பெரிய பொதி ஒரு தடவை கைமாறினால் கரையில் இறங்கும்வரை அதைத் தொட முடியாது. மருந்து, மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு, சால்வை எல்லாம் கைப்பையில். இன்சுலின் போடுபவர்கள் இரண்டு நாளுக்கு மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். சால்வையைச் சிரிக்க வேண்டாம். குளிரூட்டிய அறையில் நான்கு மணித்தியாலம் உட்காருவதற்கு மலைநாட்டு ஆளுக்கும் அது தேவைப்பட்டது.

வத்தேகமவிலிருந்து காங்கேசன்துறைக்கு: கண்டியில் தொடங்குகிற ஏ-9 பாதைதான் யாழ்ப்பாணத்துக்குப் போகிறது, அங்கே அதற்குக் கண்டி வீதி என்றே பெயர். ஏறக்குறைய 320 கிலோமீற்றர். இராப் பஸ்ஸில் வந்து நேரே கப்பல் ஏறலாம் என்று இளம் ஆட்கள் சொல்வார்கள். வயதானவரோடு அதைச் செய்ய வேண்டாம். தூக்கம் கெட்ட உடம்புக்குத்தான் கடல் முதலில் ஒத்துவராது. நாங்கள் கிளிநொச்சியில் மாமா வீட்டில் ஓர் இரவு தங்கினோம். ரயிலில் வருபவர்கள் பொல்கஹவலையில் மாறி, வடக்குப் பாதையில் காங்கேசன்துறை வரைக்கும் வரலாம். அது கடைசி நிலையம்.

மாமா துறைமுக வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் வந்தார். தன் தொலைபேசியில் இருந்து ஒரு குரல் பதிவை எனக்கு அனுப்பி, "அக்காட்ட போட்டுக் காட்டு" என்றார். வழியனுப்ப வருபவர்கள் எந்த இடத்தில் நிற்க வேண்டிவரும் என்று முதலே சொல்லிவையுங்கள். வாசலில் சடக்கென்று பிரிவது வயதானவர்களுக்கு நல்லதல்ல. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள். பொதிச் சோதனை, குடிவரவு, சுங்கம் என்று வரிசை நகர நேரம் எடுக்கும். நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள்.

கடல் மயக்கம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக்கூடாது. அம்மா ஒரு ரொட்டியும் இஞ்சிப் பிளேன்ரீயும் எடுத்தார். டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின் போன்ற மாத்திரைகளைப் புறப்பட ஒன்று இரண்டு மணித்தியாலம் முன்னர் போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வாந்தியோடு அதுவும் போய்விடும். இவை தூக்கம் வரவைக்கும். கண் அழுத்தமோ சிறுநீர் போவதில் தடங்கலோ உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. முன்பக்க இருக்கையைவிட நடுப்பகுதி குறைவாக ஆடும். தொலைபேசியைப் பார்க்காமல், கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். கழிப்பறைக்குப் போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். வாந்தி எடுத்தால் துடைத்துவிடலாம், வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் என்ன செய்வது?

இன்னொரு மயக்கமும் உண்டு, அதற்கு மாத்திரை இல்லை. எங்களுக்கு அடுத்த இருக்கையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா. சிறுபிள்ளையில் 1990 இல் இராத்திரிப் படகில் இராமேஸ்வரம் போனவர். இயந்திரச் சத்தம் கூடியதும் இருக்கைக் கம்பியைப் பிடித்தவர் விடவில்லை, வியர்த்துக் கொட்டியது. என் அம்மா அவரோடு இடம் மாறி, ஜன்னலோரம் உட்காரவைத்தார். வெளிச்சம் தெரிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. படகில் தப்பிப்போன அனுபவம் உள்ளவர்கள் தனியாக வர வேண்டாம்; ஜன்னல் பக்கம் கேட்டு வாங்குங்கள். கூட வருபவர் "அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்று சொல்லாமல் பக்கத்தில் இருந்தால் போதும்.

நாங்கள் போனபோது கப்பல் மதியத்துக்குப் பிறகு இங்கிருந்து புறப்பட்டது. நாகையில் குடிவரவு முடித்து வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிரவுக்கு அறை முதலே பேசிவையுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் விடுதிக்காரர் அதை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சிறிய விடுதிகள் அந்தத் தொல்லை வேண்டாம் என்று "ரூம் இல்லை" என்றுவிடும். இலங்கைக் கடவுச்சீட்டு என்று சொல்லியே அறை கேளுங்கள். உறவுக்காரர் வீட்டில் தங்கினாலும் அந்தப் பதிவு தேவைப்படும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பணத்தை உரிமம் உள்ள இடத்தில் மாற்றி, சிட்டையை வைத்திருங்கள். நாகூரும் வேளாங்கண்ணியும் பக்கத்திலேயே. அம்மா மறுநாள் காலை இரண்டுக்கும் போக வேண்டும் என்றார், போனோம்.

பெரியம்மா இருப்பது கோத்தகிரிப் பக்கம். நாகையிலிருந்து திருச்சி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறி ஏற வேண்டும், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். தேயிலை மலையைக் கண்டதும் அம்மா, "இதுக்குத்தானா இம்புட்டுத் தூரம் அனுப்புனானுங்க" என்றார். பெரியம்மாவுக்கு இப்போது பார்வை சரியாக இல்லை. அம்மாவின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமாவின் குரலை எத்தனை தடவை போடச் சொன்னார் என்று நான் எண்ணவில்லை.

திரும்பும்போது பொதி நிறை கூடும், அதற்கு இடம் விட்டுக் கட்டுங்கள். பெரியம்மா தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். 1974 இல் கொண்டுபோன பழைய கடவுச்சீட்டையும் மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையையும் ஒரு தகரப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இல்லை. ஆதார் அட்டையில் மூன்றாவது எழுத்து. அண்ணன் இப்போது அதைத் திருத்துவதற்கு அலைகிறார், மாமா இங்கே தன்னுடையதற்கு அலைகிறார். எது முதலில் கைக்கு வந்தாலும் அந்த ஆள் கடலைக் கடப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். வாடைக்காற்றுக்கு முன்னால் வராவிட்டால், பிறகு மாசிதான்.